குந்தியின் பேழை: எதிர்பாராக் கருப்பமும் பாரத வாசிப்பும்

தமிழ் வாசகர்க்கு எதிர்பாராக் கருப்பம் குறித்து மிகவும் பழக்கமான கதை குந்தியினுடையது. மணமாகாத நிலையில் கருவுற்று, ஈன்ற மகவைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட பெண்ணின் கதை அது. வில்லிபுத்தூரார் பாரதம், இராஜாஜியின் 'வியாசர் விருந்து', 1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படம், பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடைகளில் கிடைக்கும் சிறுவர் பாரதங்கள் என அது நம்மை வந்தடையும் வழிகள் பல. எனினும், நமது வாசிப்பு பெரும்பாலும் கைவிடப்பட்ட மகனின் துயரத்தையே மையமாகக் கொள்கின்றது. கருவுற்ற பெண்ணின் முன் எவ்வழிகள் இருந்தன என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வியாச பாரதத்தின் வனபருவம் இதற்குச் சில குறிப்புகளைத் தருகின்றது. குந்தி கருவுற்ற செய்தியைச் செவிலி ஒருத்தியைத் தவிர வேறு எவரும் அறியார்; வளர்ப்புத் தந்தை குந்திபோசனும் அறியான். செவிலியோடு கலந்தே பேழை ஆயத்தமாகின்றது. நீர் புகாதவாறு மெழுகிடப்படுகின்றது. மகன் அங்க நாட்டில் வளர்வதை ஒற்றர்வழி அவள் பின்னர் அறிந்துகொள்கிறாள். ஆகவே, இரக்கமற்ற தாய் என்னும் தீர்ப்பு மூலத்திற்குப் பொருந்துவதன்று. அவளுக்கு இல்லாதிருந்தது அன்பு அன்று; அச்சமின்றிப் பேசுவதற்குரிய இடம்.

போர் முடிந்து நீர்க்கடன் செலுத்தும் வேளையிலேயே அவள் உண்மையைத் தன் புதல்வர்க்கு உரைக்கிறாள். தருமனோ, இனிப் பெண்களால் மறைபொருளைக் காக்க இயலாது போகட்டும் எனச் சபிக்கிறான். மறைக்கச் செய்த அச்சத்தை அவன் வினவவில்லை. மறைத்தவளையே குற்றம் காண்கிறான். நமது வகுப்பறை விளக்கங்கள் பலவும் தம்மை அறியாமலே தருமனின் பக்கம் நின்றுவிடுகின்றன.

பேழை பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. பெண்சிசுக் கொலையைத் தடுக்கும் பொருட்டு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2010இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்ஃபன்கேர் அமைப்பு குழந்தைகளைப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் பெட்டகத்தை நிறுவியது. இவை பேழையை ஆற்றிலிருந்து எடுத்துக் கரையில் வைத்த முயற்சிகள் எனலாம். உயிர்காக்கும் பணியே எனினும், இவை பிறப்பிற்குப் பின்னரே தொடங்குகின்றன.

பிறப்பிற்கு முன்னரே சிந்திக்கத்தக்க வழிகளும் மலேசியச் சட்டத்தில் உள்ளன. கருவைத் தொடர்வது, அதனைக் கலைப்பதைவிடப் பெண்ணின் உயிருக்கோ உடல் அல்லது மன நலத்திற்கோ மிகுந்த கேடு தரும் எனப் பதிவுபெற்ற மருத்துவர் நன்னம்பிக்கையுடன் கருதின், கருக்கலைப்பிற்குக் குற்றவியல் சட்டத்தின் 312ஆம் பிரிவு 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி இடமளிக்கின்றது. விரும்பியவாறெல்லாம் செய்துகொள்ளும் உரிமை அன்று அது. முழுத் தடையும் அன்று. பெற்று வளர்த்தல் பிறிதொரு வழி. பெற்றபின் தத்துக் கொடுக்க விழைவோர்க்கு, இசுலாமியர் அல்லாதாரைப் பொறுத்தவரை, 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் நீதிமன்ற வழியை வகுத்துள்ளது. குந்தியின் வழியோ, இன்று 317ஆம் பிரிவின்படி ஏழாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

எனினும், பேச இயலாத இடத்தில் சட்டம் தரும் வழிகளும் வழிகளாகா. இப்பேச்சிற்குத் தமிழில் முன்னோடி இல்லாமலில்லை. 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் பெரியார், வறுமையையும் உடல்நலத்தையும் முதன்மைப்படுத்தாது, பெண்ணின் விடுதலையை முன்னிறுத்தியே கர்ப்பத்தடையை வலியுறுத்தினார். பாரதத்தோடு இந்நூலையும் இணைத்துக் கற்பிப்பின் குந்தியின் மௌனம் வேறு பொருள் பெறும்.

இவ்வாசிப்பில் முதன்மை பெறவேண்டிய பாத்திரம் அச்செவிலியே. கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ ஒரு மாணவி முதலில் நாடிவருவது தமிழாசிரியரையாகவும் இருக்கலாம். பதினாறு வயதிற்குட்பட்டவளாயின், அவள் இசைந்திருப்பினும் சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்டவளே என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். முடிவெடுப்பது ஆசிரியரின் பணியன்று. மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் காலந்தாழ்த்தாது அவளைச் சேர்ப்பித்தல் அவர்தம் பணி. பாரதத்துச் செவிலி பேழை ஆயத்தமாவதற்குத் துணைநின்றாள். வேறு வழி உண்டா என அவள் வினவியதாக நூல் கூறவில்லை. அவ்வினாவை எழுப்பக் கற்றுத்தருவதே இன்றைய பாரத வாசிப்பின் கடமையாகும்.