சிந்து பைரவி: விலை கொடுத்தவர் யார்?

கே. பாலசந்தர் இயக்கிய 'சிந்து பைரவி' திரைப்படம் 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறந்த நடிகைக்கான தேசிய விருதைச் சுகாசினிக்கும், இசையமைப்புக்கான விருதை இளையராஜாவுக்கும், பின்னணிப் பாடகிக்கான விருதைச் சித்ராவுக்கும் அது பெற்றுத் தந்தது. மணமான இசைக் கலைஞன் ஒருவன் வேறொரு பெண்ணோடு கொண்ட உறவே அதன் கதை. இத்தகைய படத்தை இறையியல் ஏட்டில் ஆராய்வது தகுமோ எனச் சிலர் வினவலாம். நம் சபை மக்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதன் பாடல்களை இன்றும் பாடுகிறார்கள். குடும்பத்தில் இத்தகைய சிக்கல் நேர்ந்தால் அதை எவ்வாறு அவிழ்ப்பது என்பதற்கு அப்படம் ஒரு வழியைக் காட்டுகிறது. அவ்வழி சரியானதா என்று கேட்பது ஆயர்களின் கடமையாகும்.

கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். புகழ்மிக்க கர்நாடக இசைப் பாடகர் ஜே.கே.பி. அவருடைய மனைவி பைரவி அன்புள்ளவள், ஆனால் இசையறிவு இல்லாதவள், பிள்ளைப்பேறும் இல்லாதவள். சிந்து என்னும் இசையாசிரியை கச்சேரியில் எழுந்து, மக்களுக்குப் புரியும் தமிழில் ஏன் பாடக்கூடாது என்று பாடகரை வினவுகிறாள். அறிவால் தொடங்கிய நட்பு காதலாகிறது. உறவு வெளிப்பட்டுச் சிந்து விலக நேர்ந்தபோது, பாடகர் குடியில் வீழ்கிறார். அவரை மீட்பவளும் சிந்துவே. பைரவியே அவளைத் தன் கணவனுக்கு மணமுடிக்க இசைந்தும், சிந்து அதற்கு உடன்படவில்லை. தான் பெற்ற குழந்தையைப் பைரவியிடம் ஒப்படைத்துவிட்டு விலகிச் செல்கிறாள்.

இப்படத்தின் நற்பண்புகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நெற்குப்பைப் பகுதியில் திருப்பணியாற்றும் நமக்குச் சிந்துவின் கேள்வி புதிதன்று. தமிழிசைக்காக 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இந்தச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்தவர். நாட்டார் வழக்காறுகளை ஆராய்ந்து எழுதிய சோமலெ நெற்குப்பையிலேயே பிறந்தவர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்த நம் சபைகளோ, இராகத்தோடு பொருளும் உள்ளத்தில் பதிய வேண்டும் என்பதை நெடுங்காலமாக அறிந்தவை. சிந்து பாடும் பாடல் நாட்டுப்புற மெட்டில் தொடங்கித் தியாகராசரின் கீர்த்தனையோடு சென்று இணையும்போது, அந்த வாதம் அழகுற நிறுவப்படுகிறது.

இன்னொரு நுட்பமும் பாராட்டத்தக்கது. படத்தின் தொடக்கத்தில், குடித்துவிட்டு வந்த மிருதங்கக் கலைஞரை மேடையிலிருந்து விலக்கி, மிருதங்கமின்றியே பாடுகிறார் ஜே.கே.பி. பிறரை அவ்வளவு கடுமையாகத் தீர்த்தவர், பின்னர் அதே குடிக்கு அடிமையாகிறார். தான் நிற்கிறேன் என்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்ற பவுலின் அறிவுரைக்கு (1 கொரி. 10:12) இதைவிடத் தெளிவான விளக்கம் அரிது.

எனினும், மூன்று இடங்களில் நாம் இப்படத்தோடு மாறுபடுகிறோம்.

முதலாவது, படத்தின் பெயர். சிந்து பைரவி என்பது ஓர் இராகம். கச்சேரியின் பிற்பகுதியில் பெரும்பாலும் பாடப்படுவது. இரு பெண்களின் பெயர்களை இணைத்து ஒரே இராகமாக்கியது நயமான கற்பனைதான். ஆனால் அந்த இராகத்தைப் பாடுபவன் ஆண். ஒருத்தி இல்லத்துக்கு, மற்றொருத்தி அறிவுக்கு என்று இருவரும் அவனுடைய தேவையின் இரு பாதிகளாகிவிடுகிறார்கள். மனைவிக்கு இசை தெரியாது என்பது குறையாகக் காட்டப்படுகிறது. மனைவியின் மனத்தைக் கணவன் கற்றுக்கொள்ளாதது குறையாகக் காட்டப்படவில்லை.

இரண்டாவது, பாடகரின் துயரம். அவர் அழுகிறார், குடிக்கிறார், இழிவடைகிறார். ஆனால் எதற்காக? சிந்துவை இழந்ததற்காகவே, பைரவிக்கு இழைத்த தீங்கை உணர்ந்ததற்காக அன்று. தேவனுக்கேற்ற துக்கம் ஒன்று, உலகத்துக்குரிய துக்கம் வேறொன்று எனப் பவுல் பிரித்துக் காட்டுகிறார் (2 கொரி. 7:10). பார்வையாளர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும்படி படம் செய்துவிடுகிறது. தாவீதின் வீழ்ச்சியைக் கூறும் வேதாகமம் நாத்தான் வந்து நின்ற காட்சியை விடாமல் கூறுகிறது (2 சாமு. 12). ஜே.கே.பி.யின் கதையில் நாத்தான் இல்லை. குற்றத்தைச் சுட்டுவார் இல்லாத இடத்தில் மனந்திரும்புதலும் இல்லை. அவர் குடியை விட்டார், மேடைக்குத் திரும்பினார். அதையே படம் மீட்பு என்கிறது.

மூன்றாவதும் முதன்மையானதும், முடிவில் செலுத்தப்படும் விலை. பாடகருக்கு மனைவி உண்டு, பிள்ளை உண்டு, மேடையும் உண்டு. பைரவிக்கு இல்லம் உண்டு, தாய்மையும் உண்டு. சிந்துவோ காதலையும் குழந்தையையும் இழந்து செல்கிறாள். தாய் தந்தையரின் அரவணைப்பின்றி வளர்ந்த அவளே தன் குழந்தையைப் பிரிகிறாள். இதைத் தியாகம் என்று கண்ணீரோடு ஏற்றுக்கொள்ளும்படி நாம் அழைக்கப்படுகிறோம்.

பிள்ளையில்லா வீட்டுக்குப் பிள்ளை கொடுக்கும் வழக்கத்தைச் செட்டிநாடு நன்கறியும். நகரத்தார் சுவீகாரம் உறவினர் கூடி, ஊரறிய நிகழ்வது. பெற்றவர் யார், ஏற்றவர் யார் என்பதில் மறைவு இல்லை. பிள்ளையைக் கொடுத்த தாய் ஊரைவிட்டுப் போவதும் இல்லை. படத்தில் நிகழும் கொடை அத்தகையதன்று. குழந்தை உள்ளே வர, தாய் வெளியே போக வேண்டியிருக்கிறது.

வேதாகமத்தில் இதற்கு இணையான கதை ஆகாருடையது (ஆதி. 16, 21). அங்கும் பிள்ளையில்லாத மனைவி, வேறொருத்தியின் வயிற்றில் பிறந்த பிள்ளை, வெளியேற்றப்படும் தாய் ஆகியோரைக் காண்கிறோம். ஆனால் ஆகாரை அனுப்பிய வீட்டோடு கதை நின்றுவிடுவதில்லை. கர்த்தருடைய தூதன் வனாந்தரத்தில் அவளைத் தேடிச் செல்கிறான். பிள்ளையின் குரலைத் தேவன் கேட்கிறார். வீட்டின் அமைதியை மட்டும் காண்பவர் அல்லர் நம் ஆண்டவர். வெளியே அனுப்பப்பட்டவளையும் காண்பவர். சிந்து போகும் திசையில் நம் பார்வையும் செல்ல வேண்டும்.

இது திரைப்படத்தின் குறை மட்டுமாயின் இவ்வளவு எழுதத் தேவையில்லை. விபசாரத்தில் பிடிக்கப்பட்டவள் என்று ஒரு பெண்ணை ஆண்டவரிடம் கொண்டுவந்தவர்கள் அவளை மட்டுமே கொண்டுவந்தார்கள் (யோவான் 8). இருவரையும் குறித்தே பேசுகிறது நியாயப்பிரமாணம் (லேவி. 20:10), ஆனால் ஆண் அங்கு இல்லை. நம் சபைகளின் ஒழுங்கு நடவடிக்கையிலும் இப்படி நேர்வதுண்டு. பெண் ஊர் மாறிப் போகிறாள். பிள்ளை பாட்டி வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. ஆண் சில மாதங்கள் இராப்போஜனத்திலிருந்து விலக்கப்பட்டு, பின் பாடகர் குழுவில் தன் பழைய இடத்தில் நிற்கிறான். சிக்கல் தீர்ந்தது என்று கமிட்டி குறிப்பு எழுதுகிறது.

இத்தகைய வழக்கு நம்மிடம் வருமாயின் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்போமாக. தீங்கிழைத்தவர் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்? வீட்டின் அமைதிக்காக வெளியேற்றப்பட்டவர் யார்? பிறந்த பிள்ளைக்கு உண்மையைச் சொல்லப் பொறுப்பேற்றவர் யார்? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை ஒப்புரவாகுதல் நிறைவேறிவிட்டதாக நாம் கூற இயலாது. நம் ஆண்டவர் விலையைத் தாமே செலுத்தினார். எளியவள் ஒருத்தியின் தோள்மேல் அதை ஏற்றவில்லை.