பொன்னினும் நன்று

இறைவன் கட்டளையைச் செல்வத்தினும் உயர்வாகப் போற்றும் பாடல்களுள் தலையாயது விவிலியத்தின் 119ஆம் சங்கீதம். 176 வசனங்கள் கொண்ட இதுவே சங்கீத நூலில் மிக நீண்டது. எபிரேய மொழியின் 22 எழுத்துக்களுக்கும் எழுத்தொன்றுக்கு எட்டு வசனங்களாக அமைந்துள்ளது. ஓர் எழுத்துக்குரிய எட்டு வசனங்களும் அவ்வெழுத்தையே முதலாகக் கொண்டு தொடங்கும். ஆத்திசூடியை அகர வரிசையில் பயிற்றும் ஆசிரியருக்கு இவ்வமைப்பின் பயனை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இப்பாடலைக் குறை கூறுவோர் உளர். கட்டளையைக் குறிக்கும் எட்டுச் சொற்களே மாறி மாறி வருகின்றன என்றும், எழுத்து வரிசை உண்டேயன்றிக் கருத்து வளர்ச்சி இல்லை என்றும் அவர் கூறுவர். பொன் வெள்ளியினும் கட்டளையே மேல் என்னும் 72ஆம் வசனத்தைத் தனியே எடுத்தோதுவோர்க்கு அக்கூற்று உண்மை போலவே தோன்றும். அது நிற்கும் இடத்தில் வைத்து நோக்கினால் வேறு தோன்றும்.

அவ்வசனம் ‘தேத்’ என்னும் ஒன்பதாம் எழுத்துப் பகுதியின் இறுதியில் உள்ளது. அப்பகுதியின் எட்டு வசனங்களுள் ஐந்து, ‘நன்று’ என்னும் பொருளுடைய ‘தோவ்’ என்ற சொல்லாலோ அதன் இனச்சொல்லாலோ தொடங்குகின்றன. இறைவன் தன்னை நடத்திய முறை நன்று என்பது தொடக்கம். அடுத்து நல்லறிவு வேண்டப்படுகிறது. பின்னர் இறைவனே நல்லவன் எனப்படுகிறான். அதன்பின் தான் பட்ட துன்பமும் நன்றே என்கிறார் புலவர். இவ்வளவும் கூறிய பின்னரே பொன்னும் வெள்ளியும் வருகின்றன. இடையே செருக்குடையோர் அவர்மீது பொய் புனைகின்றனர். அவர்கள் நெஞ்சம் கொழுப்பேறி உணர்விழந்தது என்கிறார். கொழுப்பு என்பதைச் செருக்கின் பெயராகவே வழங்கும் தமிழர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

ஆகவே இது செல்வம் காணாதவன் செல்வத்தை இகழ்ந்த பேச்சன்று. துன்பத்தில் கற்றவன் கண்ட முடிபு. செல்வத்தின் இன்பத்தையும் இப்புலவர் மறுக்கவில்லை. 14ஆம் வசனத்தில் பெருஞ்செல்வம் பெற்றவன் மகிழ்ச்சியையும், 162இல் கொள்ளைப் பொருள் கண்டவன் களிப்பையும் தம் மகிழ்ச்சிக்கு அளவுகோலாக எடுக்கிறார். 36இல், தம் நெஞ்சம் ஆதாயத்தின் பக்கம் சாயாதிருக்க இறைவனை வேண்டுகிறார். சாயும் நெஞ்சு உடையவரே இவ்வாறு வேண்டுவர். உள்ளத்துப் போராட்டம் இங்கே மறைக்கப்படவில்லை.

யூத மரபில் இவ்வசனம் ஒரு கதையிலும் எடுத்தாளப்படுகிறது. ‘பிதாக்களின் மூதுரைகள்’ என்னும் மிஷ்னாப் பகுதியோடு பிற்காலத்தில் சேர்ந்த ஆறாம் அதிகாரத்தில் அது உள்ளது. தம் ஊரில் வந்து வாழ்ந்தால் ஆயிரமாயிரம் பொற்காசு தருவதாக ஒருவர் அழைக்க, ரபி யோசே பென் கிஸ்மா மறுக்கிறார். வேதம் பயிலும் ஊரிலன்றி வாழேன் என்கிறார். சாகும்போது பொருள் உடன் வாராது என்று காரணமும் காட்டுகிறார். கதை சிறந்ததே. ஆனால் சங்கீதத்தின் காரணம் அதுவன்று. பொன் நிலையாதது என்று 72ஆம் வசனம் வாதிடவில்லை. நிலைத்து நிற்பதாயினும் கட்டளையே நன்று என்பது அதன் உட்கிடை. மரண அச்சத்தைத் துணைக்கழையாத இவ்விடத்தில் பாட்டு கதையினும் உயர்ந்து நிற்கிறது.

மொழிபெயர்ப்பில் எழுத்து வரிசை அழிந்துபோகும். ‘நன்று’ என்னும் தொடர் அழிய வேண்டுவதில்லை. ஐந்தாம் வேற்றுமை ‘இன்’ உருபு நீங்கற் பொருளும் ஒப்புப் பொருளும் தருவது போலவே, எபிரேயத்தின் ‘மின்’ என்னும் சொல்லும் இரண்டையும் தருகிறது. ஆங்கிலத்தில் ‘குட்’ என்பது ‘பெட்டர்’ என மாறி ஓசைத் தொடர் அறும். தமிழிலோ ‘பொன்னினும் நன்று’ எனத் தொடர் அறாமல் நிற்கும். வகுப்பில் இவ்வசனத்தை எடுத்துக்காட்டும் ஆசிரியர் முந்திய ஏழு வசனங்களையும் சேர்த்தே படித்துக் காட்டுதல் வேண்டும். அப்போதுதான் மாணவர் அதை வெறும் நீதிமொழியாகக் கொள்ளாமல், ஒருவர் வாழ்ந்து கண்ட உண்மையாக உணர்வர்.