கதைகளில் ஊர்த்தலைவர்

ஊர்ப் பெரியவரின் வாய்ச்சொல்லே சட்டமாய் நின்ற சமூகங்கள் ஆசியாவில் பல. அச்சொல்லுக்கு வலிமை எங்கிருந்து வந்தது என்று வினவினால், கதைகள் தரும் விடை ஒன்றாக இல்லை.

பிரேம்சந்த் 1916-இல் எழுதிய ‘பஞ்ச் பரமேஷ்வர்’ கதையை, வடபுலத்தில் வாழும் நம்மவர் பலர் தம் மக்களின் இந்திப் பாடநூலில் கண்டிருக்கக்கூடும். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு சோற்றுக்கு ஏங்கவிட்ட ஜும்மன் ஷேக்கின்மீது அவனுடைய முதிய சிற்றன்னை பஞ்சாயத்தில் முறையிடுகிறாள். தீர்ப்புரைக்க அவள் தேர்வதோ ஜும்மனின் உயிர்நண்பன் அல்கூ சௌதரியை! தீர்ப்பு நண்பனுக்கு எதிராகிறது. பின்னர் அல்கூவின் காளை வழக்கில் ஜும்மன் அதே இடத்தில் அமர்கிறான். பகையை மறந்து நீதி சொல்கிறான். நீதியிருக்கை மனிதனைத் தூயவனாக்கும் என்பது ஆசிரியர் கருத்து. நமக்கு அது முழுதும் உடன்பாடன்று. கூனிய முதுகோடு கோலூன்றி, பலர் எள்ளி நகைக்கவும் தளராது அலைந்து, அல்கூவின் நெஞ்சைச் சுடும்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறாளே, அம்மூதாட்டி! அவன் மனச்சான்றை எழுப்பியது இருக்கையா, அவள் கேள்வியா? கதையின் உயிர் அவளிடமே உள்ளது என்போம்.

அல்கூவின் அதிகாரம் வழக்காடுவோர் தந்தது; வழக்கோடு முடிவது. அரசு தந்த அதிகாரம் வேறு வகை. இலங்கையின் அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்டு உல்ஃப், ‘தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்’ (1913) நாவலில் அதைக் காட்டுகிறார். காட்டை எரித்துச் சேனைப்பயிர் செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும்; அது ஊர்த்தலைவன் பாபேஹாமியின் கையில். பகைத்தவனுக்குச் சீட்டு எளிதில் வருவதில்லை; பசி மட்டும் வந்துவிடுகிறது. பிறகு பொய்த் திருட்டு வழக்கு. பாபுன் சிறை புகுகிறான். வேட்டைக்காரன் சிலிந்துவோ துப்பாக்கியை எடுக்கிறான். வழக்கில் ஏதோ சூதிருப்பதை உணர்ந்தும் தண்டனை விதிக்கும் வெள்ளை நீதிபதியின் காட்சி மறக்கவொண்ணாதது. அந்நாற்காலியில் உல்ஃபும் அமர்ந்தவரன்றோ!

ஆயின், மக்கள் கூடும் பஞ்சாயத்து என்றாலே நீதி வந்துவிடுமா? பிரேம்சந்தே 1936-இல், ‘கோதான்’ நாவலில் மறுக்கிறார். மகனால் கருவுற்று வந்த ஜுனியாவுக்கு வீட்டில் இடமளித்த குற்றத்திற்காக ஹோரிக்கு நூறு ரூபாயும் முப்பது மணங்கு தானியமும் தண்டம். விதித்தவர்கள் அவனிடம் வட்டி வாங்கியும் வரி பெற்றும் வாழ்பவர்கள். பஞ்சாயத்தில் தெய்வம் உறைகிறது என்னும் பழைய நம்பிக்கை மாறாமல், ஹோரி தானியத்தைத் தானே சுமந்துசென்று கொட்டுகிறான். மனைவி தனியா சபையிலேயே சீறுகிறாள். மூதாட்டிக்கு ஓர் அல்கூ கிடைத்தான். தனியாவின் சொல்லைக் கேட்க அச்சபையில் ஒருவருமில்லை.