பொதுவிடமும் புனைகதையும்: யாழ்ப்பாணத்து எழுத்துக்களிற் கடை, கிணறு, முற்றம்

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையை ஆராய்ந்தோர் 'மண்வாசனை' என்னும் சொல்லைத் தாராளமாகவே கையாண்டுள்ளனர். பனங்கூடல், கிடுகு வேலி, துலாக்கிணறு, சந்திக் கடை, கோயில் வீதி ஆகியன ஒரு கதையில் இடம்பெற்றுவிட்டால் அது யாழ்ப்பாணத்து மண்ணிற் பிறந்த கதை எனக் கொள்வது வழக்கமாயிற்று. ஆயின், அந்தச் சந்திக் கடையின் வாங்கில் எவர் அமர்ந்தார், எவர் வாசலுக்கு வெளியே நின்றார். அந்தக் கிணற்றில் எவர் அள்ளினார், எவர் கையேந்தி நின்றார் என்னும் வினாக்களை எழுப்பாத மண்வாசனை வெறுங்காட்சி வருணனையாகவே எஞ்சும். அன்றாடம் புழங்கும் இடங்களைப் பின்னணித் திரையாகக் கொண்ட எழுத்தையும், அவ்விடங்களையே சிக்கலாகக் கண்ட எழுத்தையும் வேறுபடுத்தி நோக்குவது யாழ்ப்பாணத்துப் புனைகதையின் வளர்ச்சியை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணைபுரிவதாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கல் நிலத்தடியில் தேங்கும் மழைநீரே குடிநீரும் பயிர்நீருமாகும். ஆகவே கிணறு இங்கு வாழ்க்கையின் மையமாயிற்று. வழிப்போக்கருக்கெனச் சுமைதாங்கியும், கால்நடைகள் உடலை உரோஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும், தண்ணீர்க் கேணியும், மடமும் அமைத்தல் பேரறமாகக் கருதப்பட்டது. பருத்தித்துறைப் பக்கத்திலுள்ள தெருமூடி மடம், வீதிக்கு மேலேயே கூரை பரப்பி நடப்போருக்கு நிழல் தருவதாக இன்றும் நிற்கின்றது. பொதுநலன் பற்றிய சிந்தனை இச்சமூகத்தில் இருந்தது என்பதற்கு இவை சான்று. ஆனால் அந்தப் 'பொது' எத்துணைப் பொது என்பதே வினா. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கடை, உணவகம், சிகை அலங்கரிப்பு நிலையம், கிணறு, பாடசாலை, வழிபாட்டிடம் முதலியவற்றிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. தடை இல்லாத இடத்திற் சட்டம் தேவைப்படாது. அவ்வகையில் அச்சட்டத்தின் இடப்பட்டியல், அதன் முன்னும் பின்னும் எழுந்த யாழ்ப்பாணத்துச் சிறுகதைகளுக்கும் நாவல்களுக்கும் ஒரு பொருளடக்கம் போல அமைந்துவிட்டமை கருதத்தக்கது.

தொடக்ககால நாவல்களில் இவ்விடங்கள் முதன்மை பெறவில்லை. மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' (1914) போன்ற ஆக்கங்களின் அக்கறை குடும்பத்தையும் ஒழுக்கத்தையும் சார்ந்தது. கதை பெரும்பாலும் வீட்டினுள்ளேயே நிகழ்கின்றது. வீடு தெளிவாகத் தெரிய, தெரு மங்கலாகத் தெரிகின்றது. அக்காலத்து வாசகருட் பெரும்பாலார் வீடும் வளவும் உடைய கற்றோர் என்பதை எண்ணும்போது இதனைக் குறையாகக் கூறுவதிலும் பார்க்க வரலாற்று எல்லையாகக் கூறுவதே பொருந்தும். தெருவும் கடையும் கதைக்குள் வருவதற்குத் தெருவிலும் கடையிலும் வாழ்ந்தோர் பேனா பிடிக்கவேண்டியிருந்தது. 1950களிலும் 1960களிலும் முற்போக்கு இலக்கிய இயக்கத்தோடு அது நிகழ்ந்தது. என். கே. ரகுநாதன், கே. டானியல், டொமினிக் ஜீவா ஆகிய மூவரையும் சாதி எதிர்ப்பு எழுத்தாளர் என ஒரே வரிசையில் நிறுத்திவிடுவது எளிது. ஆயின் மூவரும் பொதுவிடத்தைப் பார்க்கும் நிலைகள் வேறு வேறு. ஒருவர் முற்றத்திலிருந்து பார்க்கின்றார். ஒருவர் வாசலிலிருந்து பார்க்கின்றார். ஒருவர் உள்ளே நின்று வேலைசெய்தவாறே பார்க்கின்றார்.

ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்னும் சிறுகதை அதே பெயர்கொண்ட தொகுதியில் 1962இல் நூலுருப் பெற்றது. மேடையிற் சீர்திருத்தம் பேசும் ஒரு பெரியவரின் வீட்டிற்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் சிலர் வருகின்றனர். அவர்களை உள்ளே அழைத்து இருத்தவும் அவருக்கு மனமில்லை. திருப்பி அனுப்பவும் முகமில்லை. நிலவு நன்றாக இருக்கிறது, வெளியே போய்ப் பேசலாம் என்று நயமாக அவர்களை அப்பால் அழைத்துச் செல்கின்றார். இக்கதையிற் சண்டையில்லை, வசையில்லை, கண்ணீருமில்லை. தமிழ்க் கவிதை மரபில் இன்பத்திற்கும் ஏக்கத்திற்கும் உரிய நிலவு இங்கே ஒரு சாக்குப்போக்காக மாறுகின்றது. திறந்த வெளி என்பது எவர்க்கும் உரிய இடம் என்ற பொது எண்ணத்தை இக்கதை தலைகீழாக்கிவிடுகின்றது: வீடு மறுக்கப்பட்டவருக்கே வெளி வழங்கப்படுகின்றது. இயற்கை வருணனைக்கு இடந்தரும் ஒரு களத்தைச் சமூக விமர்சனத்தின் கருவியாக்கிய இச்செட்டு, பிற்கால நெடுநாவல்கள் பலவற்றிற் காணக்கிடையாதது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது மஹாகவியின் 'தேரும் திங்களும்' என்னும் கவிதை. தேர்வடம் பிடிக்கும் ஆசையோடு வந்த ஓர் இளைஞன் கோயில் வீதியிற் கொல்லப்படுகின்றான். மனிதன் திங்களை எட்டும் காலத்தில் இது நிகழ்கின்றது. ரகுநாதனின் நிலவு வஞ்சனையின் திரை. மஹாகவியின் திங்கள் மனித ஆற்றலின் அளவுகோல். இரண்டிலும் கூரையற்ற வெளியே களம். இரண்டிலும் அது எல்லார்க்கும் உரியதன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அறிந்தோர்க்கு இக்கவிதையின் பொருள் விளக்கமின்றியே புலப்படும்.

டானியலின் 'பஞ்சமர்' (1972) தேநீர்க்கடையை நாவலின் போர்க்களமாக்கியது. தேநீர்க்கடை யாழ்ப்பாணத்துக் கிராமத்திற்குப் புதிய நிறுவனம். கோயிலுக்கு ஆகமம் உண்டு. கிணற்றுக்குப் பங்குரிமை உண்டு. கடைக்கோ காசே விதி. காசு கொடுப்பவன் எவனாயினும் பண்டம் பெறுவான் என்பதே சந்தையின் நியாயம். அந்த நியாயத்தையும் சாதி தன்வயப்படுத்திக்கொண்டது. ஒருவருக்குக் கிளாசும் வாங்கும். மற்றவருக்குப் போத்தலும் வெறுந்தரையும். ஒரே அடுப்பிற் கொதித்த தண்ணீர், ஒரே விலை, ஆயின் இரு பாத்திரங்கள். வீடுகளில் மூக்குப்பேணியை உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தில் வெளிப்பட்ட தீட்டுணர்வே கடையிற் போத்தலாக உருமாறியது எனலாம். 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனையடுத்துச் சங்கானை முதலிய இடங்களில் எழுந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் இப்போத்தலுக்கு எதிராகவே நிகழ்ந்தன. அப்போராட்டங்களில் நேரடியாகப் பங்குகொண்ட டானியல் அவற்றின் அநுபவத்திலிருந்தே எழுதினார்.

டானியலின் நாவல்களிற் கலைச்செழுமை குன்றியுள்ளது என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்துள்ளது. வரலாற்று ஆவணமாக அவற்றைக் கொள்ளவேண்டும் என்பது எதிர்வாதம். இரண்டும் பாதி உண்மைகளே. ஆவணம் என்று கூறிவிட்டால் கலைபற்றிக் கேட்க இயலாமற் போகின்றது. கலையில்லை என்று கூறிவிட்டால் வாழ்க்கைபற்றிக் கேட்க வேண்டியதில்லை என்றாகின்றது. நாவலுள் நுழைந்து நோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். பொருள்களும் இடங்களும் தாமே பேசும்வரை டானியலின் எழுத்து வலிமையோடு நிற்கின்றது. வாங்கு, போத்தல், படலை, வேலி ஆகியவற்றைச் சுற்றி நிகழும் சிறு அசைவுகளை அவரைப் போற் கண்டவர் அரிது. பாத்திரங்கள் இயக்கத்தின் முடிவுகளைத் தம் வாய்மொழியாக எடுத்துரைக்கத் தொடங்கும்போதே கதை தளர்கின்றது. ஆகவே குறை அரசியலில் இல்லை. இடமே உணர்த்திவிட்டதைப் பாத்திரம் மீண்டும் சொல்வதிலேயே உள்ளது. அவரது 'தண்ணீர்' நாவல் இதனை மேலும் தெளிவாக்கும். துலாவும் பட்டையும் எதிரே இருக்க, தாமாக அள்ள உரிமையின்றி, எவரேனும் வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்றல் என்னும் நிலை தன்னளவிலேயே ஒரு நாடகம். நிலத்தடி நீருக்குச் சாதி தெரியாது. கிணற்றுக் கட்டே அதனைக் கற்பிக்கின்றது.

டொமினிக் ஜீவாவின் நிலை வேறு. யாழ்ப்பாண நகரின் கஸ்தூரியார் வீதியிலிருந்த சலூன் ஒன்றே அவரது தொழிற்களமும் எழுத்துக்களமும் ஆகும். 1966 ஓகஸ்டில் அவர் தொடங்கிய 'மல்லிகை' இதழ் அச்சலூனின் சூழலிலேயே வளர்ந்தது. இதழைக் கையிலெடுத்துத் தெருத்தெருவாக விற்றவரும் அவரே. சலூன் ஒரு விசித்திரமான பொதுவிடம். முன்னர் வீடுகளுக்குச் சென்று, முற்றத்தில் நின்று, குடிமைத் தொழிலாகச் செய்யப்பட்டது அங்கே கூலிக்குரிய நகரத் தொழிலாயிற்று. தேடிச் சென்றவன் இப்போது தேடி வரப்படுகின்றான். காத்திருப்போர் பத்திரிகை படிப்பர், அரசியல் பேசுவர், தொழிலாளி கேட்டுக்கொண்டிருப்பான். இவ்வாறு கேட்கும் செவியே ஜீவாவின் கதைகளுக்கு அடிப்படை. 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) தொகுதியிலும் 'பாதுகை' (1962) தொகுதியிலும் நகரத்து உழைப்பாளர் இரக்கத்திற்குரிய உருவங்களாக மட்டுமன்றித் தொழில் தெரிந்த மனிதராக வருகின்றனர். முதற்றொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது, ஒரு நூலோடு ஒரு தெருவும் இலக்கியத்தில் அங்கீகாரம் பெற்றது எனலாம். உணர்ச்சிப் பெருக்கிற் சில கதைகள் முடிவில் நெகிழ்ந்துவிடுவது உண்மையே. எனினும், வாசலில் நின்று உள்ளே நோக்கும் டானியலுக்குக் கிட்டாத ஒரு காட்சி, உள்ளே நின்று வாசலை நோக்கிய ஜீவாவுக்குக் கிட்டியது.

இத்துணைச் சாதனைகளுக்கிடையிலும் சில வெறுமைகள் உள்ளன. முதலாவது, கடைக்காரன். போத்தலில் தேநீர் கொடுத்தவன் பெரும்பாலும் கொடியவனாகவோ சாதிமானின் ஏவலாளாகவோ காட்டப்படுகின்றான். அவனது இக்கட்டு ஆராயப்படவில்லை. காசுள்ள புதிய வாடிக்கையாளனை ஏற்றால் பழைய வாடிக்கையாளர் கடையைப் பகிஷ்கரிப்பர். ஏற்காவிடின் வருமானம் குன்றும். கடன் கொப்பியில் ஊரையே எழுதி வைத்திருப்பவன் ஊருக்கு அஞ்சுவது இயல்பு. சாதிக்கும் சந்தைக்கும் இடையிற் சிக்கிய இம்மனிதன் மார்க்சிய நோக்குடைய எழுத்தாளருக்கே சிறப்பாகக் கிடைத்திருக்கக்கூடிய பாத்திரம். இரண்டாவது, சங்கக்கடை. 1970களின் முற்பகுதியிற் பங்கீட்டுப் பொருளுக்காகக் கூப்பன் புத்தகத்தோடு நின்ற வரிசை, கோட்பாட்டளவிலேனும், முன்வந்தவர் முன்பெறும் இடம். அந்த வரிசையிற் பழைய ஒழுங்கு எவ்வாறு கலைந்தது, எவ்வாறு மீண்டும் புகுந்தது என்பது விரித்து எழுதப்படவில்லை. மூன்றாவது, பெண்கள். தேநீர்க்கடை, சலூன், மதகு, வாசிகசாலை யாவும் ஆண்களின் இடங்கள். சந்தையில் மீனும் மரக்கறியும் விற்ற பெண்களும், கிணற்றடியிற் காத்துநின்ற பெண்களும் புனைகதையிற் காட்சியாக வந்த அளவுக்குக் கண்ணோட்டமாக வரவில்லை. நான்காவது, முஸ்லிம் வணிகர். யாழ்ப்பாணக் கடைத்தெரு அவர்களின்றி அமைந்ததன்று. ஆயினும் அவர்களது கடைக்கு உள்ளிருந்து நோக்கும் எழுத்து மிகச் சொற்பம். 1990 ஒக்ரோபர் 30ஆந் திகதி அவர்கள் சில மணி நேரத்துள் வெளியேற்றப்பட்டபோது, அவ்வெறுமை இலக்கியத்திற்கு அப்பாற்பட்ட பொருளும் பெற்றது.

போர்க்காலம் இவ்விடங்களையே அழித்தது. 1981 மே இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் புத்தகக் கடையும் பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. 1990 முதல் வலிகாமம் வடக்கின் ஊர்கள் பல மக்களின்றிக் கிடந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்தது. இடத்தை இழந்தோர் இடத்தை எழுதுவது இயல்பு. புலம்பெயர்ந்தோரின் ஊர் நினைவுகளிற் சந்திக் கடையும் வடையின் மணமும் கோயில் கேணியும் ஆலமரத்தடியும் மீண்டும் மீண்டும் வருகின்றன. அத்துயரம் மெய்யானது, அதனை எள்ளுதல் தகாது. ஆனால் அந்நினைவுகளின் சந்திக் கடையிற் பெரும்பாலும் போத்தல் இல்லை. கிணற்றடியிற் காத்துநிற்போர் இல்லை. இழப்பு இடத்தைத் தூய்மைப்படுத்திவிடுகின்றது. எல்லார்க்கும் உரியதாக ஒருபோதும் இருந்திராத ஓரிடம், எல்லாரும் இழந்த இடமாக நினைவுகூரப்படுகின்றது. அங்கே அமர அனுமதிக்கப்படாதவனின் பேரனும் அதே ஏக்கத்தையே கொள்ளவேண்டும் என எதிர்பார்ப்பது இரண்டாவது முறை அவனை வெளியே நிறுத்துவதாகும்.

இந்நிலையில் ரகுநாதனையும் டானியலையும் ஜீவாவையும் மீளப் படிப்பது பழைய போராட்டங்களுக்கு அஞ்சலி செலுத்தும் கடமையன்று. நினைவைச் சரிபார்க்கும் முயற்சியாகும். தடையை மட்டுமே கண்டால் அவ்விடங்களில் நிகழ்ந்த உழைப்பும் பேச்சும் நகைப்பும் மறையும். நினைவின் இனிமையை மட்டுமே கண்டால் தடை மறையும். ஜீவாவின் சலூனில் இரண்டும் ஒருங்கே இருந்தன என்பதே அவரது எழுத்தின் பெறுமதி. இனி எழுதப்படும் யாழ்ப்பாணத்துப் புனைகதை ஒரு சந்திக் கடையை வருணிக்குமாயின், அதன் வாங்கு எத்தனை பேருக்கு இடங்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கும்.