தோற்கிறவரையும் உட்கார வைக்கும் ஆட்டங்கள்

தறிச்சத்தம் ஓயாத இளம்பிள்ளையானாலும் சேலம், நாமக்கல் பக்கத்து வேறு ஊரானாலும், திண்ணைக் கல்லில் கீறிய ஆடுபுலிக் கட்டம் பெரியவர்களுக்குப் பழகியதுதான். ஆட்டக்காரரை எது பிடித்து வைக்கிறது என்பதை இன்று கணினி விளையாட்டு வடிவமைப்பாளர்கள் தனிப் பாடமாகவே படிக்கிறார்கள். நம் ஆட்டங்களுக்கு அது தெரிந்திருந்தது. ஓர் ஆட்டத்தின் தரத்தை நான் ஒன்றை வைத்தே பார்ப்பேன்: தோற்றுக்கொண்டிருப்பவர் எழுந்து போகிறாரா, இல்லையா?

தாயம் அதிர்ஷ்டத்தை நம்பிய மரபு. தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் இறங்காது. மற்றவர்கள் பாதிச் சுற்று போன பிறகும் ஒருவர் சும்மா உருட்டிக்கொண்டிருப்பார். ஆனால் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். முன்னே ஓடும் காய், வெட்ட முடியாத கட்டமான மலையில் இல்லாதபோது மாட்டினால் வெட்டலாம். வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாம் என்று ஆடுவோரும் உண்டு. முந்தியவருக்கு நிம்மதி கிடையாது.

பல்லாங்குழி எண்ணிக்கையின் மரபு; பசுப்பாண்டி, காசிப்பாண்டி, கட்டுப்பாண்டி என்று அதில் கிளைகள் பல. தோற்றவர் நிரப்ப முடியாத குழிகளை விட்டுவிட்டு, மிச்சக் குழிகளோடு அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவார். இழந்த குழியை மீட்கவும் வழி உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே ஆடுபுலியைத்தான் வைப்பேன். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். தாயக்கட்டை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. புலிக்காரருக்கு வேட்டையாசை, ஆட்டுக்காரருக்கு மடக்கும் ஆசை. 15 ஆடும் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. அதற்குள்ளேயே புலி சிலவற்றை வெட்டிவிடும். ஆட்டை அடுத்த புள்ளி காலியாக இருந்தால்தான் புலி தாவ முடியும் என்பதால், ஆட்டுக்குப் பின்னால் ஆடு வைத்து அடைத்துக்கொண்டே வர வேண்டும். அடி வாங்கத் தொடங்கிய தரப்பு கடைசியில் புலியை நகரவிடாமல் நிறுத்திவிடவும் முடியும். கணினி விளையாட்டு ஆடுவோரை அவரவர் ஆசையை வைத்து 1996-இல் விளையாட்டு வடிவமைப்பாளர் ரிச்சர்ட் பார்ட்டில் சாதிப்போர், தேடுவோர், பழகுவோர், தாக்குவோர் என்று வகைப்படுத்தினார். ஆசை வேறான இருவரை ஒரே கட்டத்தில் எதிரெதிராக அமர்த்தும் வேலையை ஆடுபுலி திண்ணையிலேயே செய்துவிட்டது.

திறந்தாலே நாணயம் தரும் செல்போன் ஆட்டங்களில் எனக்கு உடன்பாடில்லை. 1971-இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி புதிர் போட்ட மாணவர்களுக்குக் காசு கொடுத்துப் பார்த்தார். காசு நின்றதும் புதிரில் அவர்களுக்கு இருந்த ஆர்வமும் குறைந்தது. நம் பக்கம் பல்லாங்குழியின் இன்னொரு கிளையான சீதைப் பாண்டியை ஒருவரே தனியாக ஆடுவார். பரிசும் இல்லை, எதிராளியும் இல்லை. அள்ளிய புளியங்கொட்டை எந்தக் குழியில் போய் முடியும் என்று பார்க்கும் ஆவல் மட்டுமே அங்கே ஆட வைக்கிறது.