தெளிவின்மையும் சமூக உறவும்: ஆங்கிலச் சொற்கள் சில பற்றிய ஒரு நோக்கு

ஒருவரது பேச்சோ எழுத்தோ விளங்கவில்லை என்பதைக் குறிப்பதற்கு ஆங்கிலத்திற் சொற்கள் மலிந்து காணப்படுகின்றன. 'கான்ற்', 'பற்றர்', 'மம்போ ஜம்போ', 'கொபிள்டிகூக்' என அவை விரியும். அகராதிகள் இவற்றுள் ஒன்றை மற்றொன்றால் விளக்கி அமைந்துவிடுவதும் உண்டு. ஆயின், ஒவ்வொரு சொல்லும் யாரால், யாருடைய பேச்சைச் சுட்டி வழங்கப்பட்டது என வினவும்போது இவை இரு வேறு திசைகளிற் பிரிந்து செல்வதைக் காணலாம். தெளிவின்மை மொழியின் இயல்பு மாத்திரமன்று; பேசுவோருக்கும் கேட்போருக்குமிடையே நிலவும் சமூக உறவின் வெளிப்பாடுமாகும் என்பதே இங்கு நாம் நிறுவ முற்படுவது.

முதலாவது வகையின, மேலிருந்து கீழ்நோக்கிக் கூறப்பட்டவை. பாடுதலைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து தோன்றிய 'கான்ற்', இரப்போரின் இழுத்துப் பேசும் குரலையும், நாடோடிகள், கள்வர் ஆகியோரின் குழூஉக்குறியையும் சுட்டலாயிற்று. 16ஆம் நூற்றாண்டிலே, கென்ற் பகுதியின் நிலக்கிழார் தோமஸ் ஹார்மன் அத்தகைய சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். அதே நூற்றாண்டிலேதான் விளைநிலங்கள் ஆட்டு மேய்ச்சலுக்காக வேலியடைக்கப்பட்டன. குடியானவர் தெருவுக்குத் துரத்தப்பட்டனர். அவ்வாறு அலைந்தோரைச் சவுக்கால் அடிக்கவும் சூடிடவும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். நிலமிழந்தோர் தம்மைக் காத்துக்கொள்ளக் கைக்கொண்ட மொழி, நிலமுடையோருக்குக் குற்றத்தின் மொழியாகவே கேட்டது.

'மம்போ ஜம்போ'வின் வரலாறும் இத்தகையதே. றோயல் ஆபிரிக்கக் கம்பனியின் ஊழியராகக் காம்பியாவிற் பணியாற்றிய பிரான்சிஸ் மூர், 1738இல் வெளியிட்ட பயண நூலில், மண்டிங்கா ஆடவர் பெண்களை அச்சுறுத்தி அடக்கப் பயன்படுத்திய முகமூடி உருவொன்றை இப்பெயரால் விவரித்தார். அச்சமூகத்தின் அகமுரண்பாட்டிலே திட்டமான பணியொன்றைப் பெற்றிருந்த ஒன்று, ஆங்கிலத்திற் பொருளற்ற சடங்குக்கும் பிதற்றலுக்கும் பொதுப்பெயராயிற்று. விளங்கிக்கொள்ள முயலாதவரின் குறை, பேசியவர்மீது சுமத்தப்பட்டது.

இரண்டாவது வகையின, அதிகாரத்தின் மொழியை நோக்கி எழுந்தவை. 'பற்றர்' என்பது, கர்த்தர் கற்பித்த செபத்தின் இலத்தீன் தொடக்கமான 'பாற்றர் நொஸ்ற்றர்' என்பதன் சிதைவு. இலத்தீன் அறியாத மக்களின் காதில் அச்செபம் விரைந்த முணுமுணுப்பாகவே விழுந்தது. நீதிமன்றிலும் நிலைமை வேறன்று. பிரெஞ்சு மொழி மக்களுக்கு விளங்காமையால் வழக்குகள் ஆங்கிலத்தில் உரைக்கப்படவேண்டும் என 1362இல் இங்கிலாந்திலே சட்டமொன்று விதித்தது; அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது!

'கொபிள்டிகூக்' 20ஆம் நூற்றாண்டிற் பிறந்த சொல். 1944இல், அமெரிக்காவிற் சிறு போர்க்கால ஆலைகளுக்கான அரச கூட்டுத்தாபனத்தின் தலைவராயிருந்த மோறி மவெரிக், தமது அலுவலகத்தில் வழங்கிய வீங்கிய நடையைக் கண்டித்து விடுத்த சுற்றறிக்கையில் இதனைப் பயன்படுத்தினார். தம் மாநிலமான ரெக்சாசில் வான்கோழி செருக்குடன் எழுப்பும் ஒலியே இச்சொல்லுக்குத் தூண்டுதல் என்பது அவர் தந்த விளக்கம். சொல்லை ஆக்கியவர் அதிகாரியே. ஆயினும் படிவங்களின் முன் திகைத்து நின்றோருக்கு அது கைக்கருவியாயிற்று. 1979இல் லிவர்பூலைச் சேர்ந்த கிறிசி மேயர், இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் அரசாங்கப் படிவங்களைப் பகிரங்கமாகத் துண்டு துண்டாக்கி எளிய ஆங்கிலத்துக்கான இயக்கத்தைத் தொடங்கியமை இவ்வெதிர்ப்பின் தொடர்ச்சி எனலாம்.

இத்தகைய இயக்கங்களின் எல்லையையும் நாம் மறந்துவிடலாகாது. வீட்டைவிட்டு வெளியேற்றும் அறிவித்தல், எளிய நடையில் எழுதப்பட்டாலும் வெளியேற்றும் அறிவித்தலேயாம். எனினும், விளங்கிக்கொள்ளப்பட்ட அநீதியையே எதிர்த்துப் போராடுதல் கூடும்.

இவ்விடத்தில் நம்மை நோக்கியும் விரல் நீளுகின்றது. 1946இல் வெளிவந்த 'அரசியலும் ஆங்கில மொழியும்' எனும் கட்டுரையில் ஜோர்ஜ் ஓர்வெல், மார்க்சிய எழுத்தின் தனிச்சொற்கள் பெரும்பாலும் ருஷிய, ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவை எனச் சாடினார். பனிப்போர்க் காலத்தில் அவரது எழுத்துக்கள் இடதுசாரிகளுக்கெதிராகப் பயன்படுத்தப்பட்டமை உண்மையே. அதனாற் குற்றச்சாட்டு முற்றும் பொய்யாகிவிடாது. கடினமான சொற்கள் யாவும் கண்டிக்கத்தக்கன என நாம் கூறவில்லை. 'உபரிப் பெறுமதி' என்ற கலைச்சொல், 'கூலி' என்ற எளிய சொல் மறைப்பதை வெளிக்கொணர்கின்றது: நாள் முழுவதும் புரிந்த உழைப்பின் விலைபோலத் தோற்றும் கூலி, அதன் ஒரு பகுதிக்கே ஈடாகும். ஆனால் இதனை 1865 ஜூனில், இலண்டனிலே தொழிலாளர் அகிலத்தின் பொதுச்சபை முன்னிலையில், மார்க்ஸ் ஆங்கிலத்தில் வாய்மொழியாக விளக்கினார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வெளிப்படுத்தும் கடினமும் மறைக்கும் கடினமும் வேறுபடும் இடம் இதுவே: முன்னையது விளக்கத்துக்கு அஞ்சுவதில்லை.

தமிழில் எழுதும் முற்போக்கு விமர்சகர்களாகிய நாம் இவ்வளவுகோலைக் கைக்கொள்கின்றோமா? பெயர்த்தெடுத்த கலைச்சொற்களை விளக்கமின்றி அடுக்கும்போது, பிழை தம்முடையதே எனக் கருதி வாசகர் ஒதுங்கிவிடுகின்றார். அன்று தேவாலயத்திற் கேட்ட முணுமுணுப்புக்கும் நமது எழுத்துக்கும் அப்போது வேறுபாடு யாது? எவருக்காக எழுதுகின்றோம் என்று சொல்லிக்கொள்கின்றோமோ, அவர்கள் நம் எழுத்தைச் சுட்டி எச்சொல்லை வழங்குகின்றனர் என்பதை நாம் அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும்.