தொட்டிக்குள் ஒரு காது

லினக்ஸ் பித்துப் பிடித்தவர்கள் வீட்டுக்குப் போனால் முதலில் திரையைத்தான் காட்டுவார்கள். கறுப்புப் பின்னணி, ஓரத்தில் ஏறி இறங்கும் சிபியூ வரைபடம், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் கட்டம் கட்டமாக நிற்கும் ஜன்னல்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009-இல் தொடங்கிய ஐ3 மாதிரியான ஜன்னல் மேலாளரைப் பழகிக்கொண்டவர்களுக்கு மவுஸ் எங்கே கிடக்கிறது என்பதே மறந்துபோகும். ஆனால் திரை வெறும் வாசல் கோலம். வீடு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். இங்கே உள்ளே என்பது புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைகோப்புகள்.

அவை மறைந்திருப்பதே தற்செயல்தான். யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில், கோப்புப் பட்டியல் கேட்கும்போதெல்லாம் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் வந்து நிற்பது தொல்லையாக இருந்ததால், முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் விட்டுவிடு என்று குறுக்குவழியில் ஒரு வரி எழுதப்பட்டது. அதிலிருந்து வந்த வினை இது என்று ராப் பைக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சோம்பலில் பிறந்த இருட்டறையில்தான் இன்று உலகமே தன் அமைப்புகளைப் போட்டு வைக்கிறது. நான் யாருடைய கணினியை ரசிக்கப் போனாலும் அங்கே எட்டிப் பார்ப்பேன். மற்றவர்களிடமிருந்து அப்படியே அள்ளி வந்த நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தால் ஒரு மாதிரி; வரிகள் குறைவாகவும், ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று பக்கத்தில் குறிப்போடும் இருந்தால் வேறு மாதிரி. "இதை எடுத்துவிட்டால் பிரின்டர் தூக்கத்திலிருந்து எழாது" என்று ஒரு வரி பார்த்தேன். எழுதியவரின் ஒரு ராத்திரி அதில் போயிருக்கிறது என்று தெரிந்தது.

எழுத்தாகப் படிக்க முடிகிற பொருள் என்பதுதான் லினக்ஸின் ருசி. டக்ளஸ் மெக்கில்ராய் நெடுநாள் வற்புறுத்திவந்த குழாய் யோசனையை 1973-இல் கென் தாம்சன் ஒரே இரவில் யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். ஒரு நிரலின் வாயிலிருந்து விழுவதை அடுத்த நிரல் அப்படியே வாங்கிக்கொள்ளும். லாக் கோப்பிலிருந்து மோட்டார் என்ற சொல் வரும் வரிகளை கிரெப் பொறுக்கித் தரும், தேதியை மட்டும் கட் வெட்டித் தரும், எந்த நாளில் எத்தனை முறை என்று யூனிக் எண்ணித் தரும். மூன்றில் எதற்கும் உங்கள் வீட்டில் மோட்டார் இருப்பது தெரியாது. ஒரு செயலியைத் தேடி இறக்கி, கணக்குத் தொடங்கி, கடவுச்சொல் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரே வரியில் கேட்டுவிடலாம்.

வீட்டுக் கருவிகளைப் பிரித்து மேயும் கலைக்கு இந்த ருசி எப்படித் தொற்றியது என்றால், ஒரு நீலக் கறுப்புப் பெட்டியைச் சொல்ல வேண்டும். 2002 கடைசியில் லின்க்ஸிஸ் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டர். அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தின்படி மூலநிரலைத் தந்தாக வேண்டும், நிறுவனமும் தந்தது. அடுத்த ஆண்டே ஓபன்டபிள்யூஆர்டி தொடங்கியது. 16 மெகாபைட் நினைவகமும் 4 மெகாபைட் ஃபிளாஷும் உள்ள அந்தப் பெட்டியில் மக்கள் என்னென்னவோ ஓட்டினார்கள். 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நினைவகத்தைப் பாதியாக்கி, லினக்ஸையும் எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸைப் போட்டார்கள். பழையதுதான் வேண்டும் என்றவர்களுக்காகக் கடைசியில் எல் என்ற எழுத்தைச் சேர்த்துத் தனியாக ஒரு மாடலையே விற்க வேண்டி வந்தது. கடையில் வாங்கிய பெட்டி நமக்குச் சொந்தமா என்ற வழக்கில் வாடிக்கையாளர் ஜெயித்த சில தருணங்களில் அது ஒன்று.

பிறகு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 2012-இல் 35 டாலருக்கு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, 2014-இல் அதைவிடப் பல மடங்கு மலிவாக எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 வைஃபை சிப். சென்னை ரிச்சி தெருவில் இரண்டும் சட்டைப்பையில் அடங்கும் சாமான்கள். ஆகவே யாரும் வாங்கலாம். வாங்கியதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ரசனை பேசுகிறது.

நான் மிகவும் ரசித்தது மடிப்பாக்கத்தில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழே இருந்தே தெரிய வேண்டும், குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும், நிரம்பினால் நிற்க வேண்டும். சாதாரண ஆசை. இதற்கு ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போதாதா என்று கேட்பவர்கள் பாதி சரி. நண்பர் அதைக் கழற்றவில்லை. சென்சார் தண்ணீரை அளந்து சொல்லும். சென்சாரே உளறினாலும் மோட்டாரை நிறுத்த ஃப்ளோட் தனியாகத் தொங்குகிறது.

அளப்பது ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நனையாத அல்ட்ராசோனிக் சென்சார். 40 கிலோஹெர்ட்ஸில் ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கும். வாயும் காதும் ஒரே வட்டு என்பதால் தன் குரலின் அதிர்வு அடங்கும்வரை அதற்குக் காது கேட்காது; முதல் 20 சென்டிமீட்டருக்குச் செவிடு. தொட்டி முழுதாக நிரம்பும் நேரத்தில், அதாவது கண்டிப்பாகத் தெரிய வேண்டிய நேரத்தில், தப்பாகச் சொல்லும். நண்பர் மூடியில் துளையிட்டு, மேலே ஒரு பிவிசி கழுத்து வைத்து, அதன் உச்சியில் சென்சாரை உட்கார வைத்திருக்கிறார். தண்ணீர் விளிம்புவரை வந்தாலும் செவிட்டு எல்லைக்குள் நுழையாது. குழாயின் விளிம்பில் பட்டும் எதிரொலி வரும் என்பதால் வாய் அகன்ற குழாய். ஐந்து தரம் அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்கிறார். சராசரி போட்டால் ஒரே ஒரு பொய் எதிரொலி கணக்கையே கெடுத்துவிடும்.

ஒலி ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப சுமார் 58 மைக்ரோசெகண்ட். லினக்ஸ் ஒரே நேரத்தில் பத்து வேலைக்கு ஓடும் ஆள். அந்தத் துல்லியத்தில் கைக்கடிகாரம் பிடிக்கச் சொல்லக் கூடாது. அதனால் கேட்கும் வேலை இஎஸ்பி8266-க்கு. சென்சார் தருவது 5 வோல்ட், சிப் தாங்குவது 3.3 வோல்ட், நடுவே 1 கிலோ ஓமும் 2 கிலோ ஓமுமாக இரண்டு ரெசிஸ்டர்கள் காவல் நிற்கின்றன. மாடிப்படி அறையில் இருக்கும் பழைய ராஸ்பெரி பைக்கு நிதானமான வேலை: தொட்டிக்குள் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்ப்பது.

சூடு எதற்கு? இந்த இடத்தில்தான் எனக்கு அந்த வேலையின் மேல் மரியாதை வந்தது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். மே மாத மதியம் தொட்டிக்குள் 40 டிகிரி இருந்தால் 355. இதை மறந்து 343 என்றே கணக்கிட்டால், ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பிசகும். மோட்டாரே ஓடாதபோது மதியம் தொட்டி தானாகக் கொஞ்சம் நிரம்பியது போலவும், ராத்திரி வற்றியது போலவும் வரைபடம் காட்டும். பலர் வீட்டு வரைபடங்களில் இந்த மர்ம அலையைப் பார்த்திருக்கிறேன். "சென்சார் மட்டம்" என்று சொல்லிவிடுவார்கள். நண்பர் வீட்டில் கோடு படுத்துக் கிடக்கிறது.

வெப்பத்தைப் பார்ப்பது டிஎஸ்18பி20. லினக்ஸில் அதன் அளவு ஒரு கோப்பாகவே கிடைக்கிறது. திறந்தால் கடைசியில் 28437 என்று நிற்கும். ஆயிரத்தால் வகுத்தால் டிகிரி. படிக்க கேட் என்ற கட்டளை போதும். அதே கோப்பில் 85000 வந்தால் தொட்டி கொதிக்கிறது என்று பதற வேண்டாம். இப்போதுதான் கரன்ட் வந்திருக்கிறது, இன்னும் அளக்கவில்லை என்பதற்கு அந்தச் சிப் வைத்திருக்கும் எண் அது. நண்பரின் நிரலில் அதற்கென்றே ஒரு வரி: சரியாக 85 என்றால் தள்ளிவிடு.

மோட்டார் பக்கம் கொஞ்சம் பயமாகவே பார்த்தேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 10 ஆம்பியர் என்று மேலே அச்சிட்ட நீல நிற ரிலே, ஓடுகிற மோட்டாரைத் தாங்கலாம். கிளம்பும் நொடியில் மோட்டார் இழுக்கும் பல மடங்கு கரன்ட்டில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் நிறுத்து என்று நிரல் எவ்வளவு கத்தினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே ரிலே இயக்குவது, மோட்டாரின் கரன்ட்டைத் தாங்கும் கான்டாக்டரின் சுருளை மட்டும். ஃப்ளோட் சுவிட்சும் அந்தச் சுருளின் வழியிலேயே தொடராக நிற்கிறது. எது எப்படி இருந்தாலும் அரை மணிக்கு மேல் ஓடாது. கரன்ட் போய் வந்தால் மோட்டார் அணைந்த நிலையிலேயே இருக்கும். ராஸ்பெரி பையின் மெமரி கார்டு படிக்க மட்டும் திறந்திருக்கிறது, லாக் எல்லாம் நினைவகத்தில். மின்வெட்டில் பாதி எழுதிய கோப்பு என்ற பேச்சே இல்லை. சுவரில் பழைய மோட்டார் சுவிட்ச் அப்படியே இருக்கிறது. கணினிகள் மொத்தமும் செத்தாலும் அதைத் தட்டித் தண்ணீர் ஏற்றலாம். விளக்கைப் போட வெளிநாட்டு சர்வரின் தயவு வேண்டும் என்கிற ஸ்மார்ட் வீடுகளில் எனக்கு மூச்சு முட்டும்.

பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது: எந்த நிற வயர் எதற்கு, எந்த ஃபியூஸ், மோட்டாரைக் கையால் ஓட்ட எதைத் தட்ட வேண்டும். தமிழில், பால்பாயின்ட் பேனாவில். ஒரு எலக்ட்ரீசியன் வந்தால் இவர் இல்லாமலே வேலை பார்த்துவிடலாம்.

செய்திகள் போய்வருவது எம்க்யூடிடி வழியாக. ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கியது. தலைப்புக்கு இரண்டே பைட் போதும் என்கிற அளவுக்குச் சிக்கனம். இணையும்போதே ஒரு கருவி தன் உயிலை எழுதிக் கொடுத்துவிடலாம்: என்னிடமிருந்து சத்தம் நின்றுபோனால், என் பெயரில் இந்தச் செய்தியை எல்லோருக்கும் சொல்லிவிடு. குறித்த இடைவெளியின் ஒன்றரை மடங்கு நேரம் பேச்சில்லை என்றால், நடுவே நின்று செய்திகளைக் கடத்தும் புரோக்கர் நிரல் அந்த உயிலைப் படித்துவிடும்.

இத்தனையும் கடைசியில் வந்து சேர்வது சமையலறைச் சுவரில் ஒரே ஒரு பச்சை எல்இடி. வரைபடமெல்லாம் நண்பருக்கு, வீட்டில் மற்றவர்களுக்கு வேண்டியது இப்போது வாஷிங் மெஷின் போடலாமா என்ற ஒரே விஷயம். எரிந்தால் போடலாம். தொட்டியைக் கேட்கும் சிப் செத்தால்? உயில் வந்ததும் எல்இடி அணைகிறது. கடைசியாகத் தெரிந்த நிறத்திலேயே நின்றுகொண்டு, மொட்டைமாடியில் எல்லாம் சௌக்கியம் என்று புளுகுவதில்லை. நிரலில் இதற்கு இரண்டு வரிதான் ஆகும். நான் பார்த்த பத்து வீடுகளில் ஒன்பதில் அந்த இரண்டு வரி இல்லை.